அப்பாவின் காலுக்குக் ‘கரண்ட் டெஸ்ட்’: போகலாமா, வேண்டாமா?

வாசகர் கடிதம்:

வணக்கம் டொக்டர். நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது. சீனி வருத்தம் வந்து 17 வருஷம். ஒரு வருஷமாக இரண்டு பாதமும் விறைக்குது, “பஞ்சிலை நடக்கிற மாதிரி இருக்கு” எண்டு சொல்லுறார். செருப்புக் கழண்டு விழுந்தாலும் அவருக்குத் தெரியிறதில்லை. இரவில் காலெல்லாம் எரிஞ்சு நித்திரை இல்லை. கிளினிக்கில், நரம்புக்குக் கரண்ட் வைத்துப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று செய்யச் சொல்லித் துண்டு தந்திருக்கிறார்கள். அப்பா வரமாட்டன் எண்டு நிக்கிறார். மிச்சம் இருக்கிற நரம்பும் கருகிப் போயிடும் என்று மாமாவும் சொல்கிறார். காலுக்குக் கரண்ட் குடுக்கிற மெஷின் ஒன்று வாங்கி வைத்தால் நரம்பு திரும்ப சார்ஜ் ஆகும் என்று சொல்வதும் அதே மாமாதான். எது சரி? என் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். “சோடியமும் பொற்றாசியமும் ரெண்டுமே நேர் ஏற்றம்தானே, அதிலை எப்பிடி அம்மா கரண்ட் வரும்?” என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பரிசோதனையால் நரம்பு கருகாது. மெஷினை வாங்க வேண்டாம், அதனால் நரம்பு சார்ஜ் ஆகாது. இரண்டு பதிலுக்கும் காரணம் ஒன்றே. மாமாவின் பயமும் நம்பிக்கையும் ஒரே இடத்தில்தான் முளைக்கின்றன: நரம்பு ஒரு வயர், அதற்குள் கரண்ட் ஓடுகிறது என்ற எண்ணம். வயர் என்றால் கூட ஓடவிட்டால் கருகும், குறைந்துபோனால் வெளியிலிருந்து ஏற்றலாம். ஆனால் நரம்பில் மின்சாரம் உண்டாகும் விதமே வேறு. அதை விளங்கிக்கொண்டால் அப்பாவுக்கும் சொல்லலாம், மாமாவுக்கும் சொல்லலாம். ஆகவே மகளின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

மகள் கேட்டது மிக நல்ல கேள்வி. பாடத்தை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராது.

ஒவ்வொரு நரம்புக்கலத்தையும் எண்ணெய்த்தன்மையான ஒரு சவ்வு மூடியிருக்கிறது. ஒரு மில்லிமீற்றரை 2 இலட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான் அதன் தடிப்பு. சவ்வுக்கு உள்ளே பொற்றாசியம் நிறைய, வெளியே இருப்பதைப் போல ஏறக்குறைய 30 மடங்கு. வெளியே சோடியம் நிறைய, உள்ளே இருப்பதைப் போல ஏறக்குறைய 10 மடங்கு. உள்ளேயுள்ள பொற்றாசியத்துக்கு இணையாக எதிர் ஏற்றமுள்ள புரதங்களும் வேறு பொருள்களும் உண்டு. அவை பெரியவை, வெளியே போக வழியில்லை.

நரம்பு சும்மா இருக்கும்போது சவ்வில் பொற்றாசியத்துக்கென்று இருக்கிற சிறு வாசல்கள் சில திறந்தே கிடக்கும். உள்ளே நெருக்கம், வெளியே இடம். பொற்றாசியம் கசிந்து வெளியேறும். போகிற ஒவ்வொன்றும் ஒரு நேர் ஏற்றத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே இணையில்லாத ஓர் எதிர் ஏற்றத்தை விட்டுவிட்டுப் போகிறது. கொஞ்சம் போனதுமே உள்ளேயிருக்கும் எதிர் ஏற்றம், போகிற பொற்றாசியத்தைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடும். தள்ளுவதும் இழுப்பதும் சமப்படுகிற இடத்தில் நிற்கும்போது, வெளியை விட உள்ளே ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். மகளின் பாடத்தில் −70 என்று வருகிற ஓய்வழுத்தம், அதாவது நரம்பு சும்மா இருக்கும்போதுள்ள மின்னழுத்தம், இதுதான். பொற்றாசியம் மட்டும் கசிந்தால் −90 பக்கமாகப் போய் நின்றிருக்கும். சோடியமும் துளித்துளியாக உள்ளே வருவதால் −70 இல் நிற்கிறது. ஆகவே மகளுக்குச் சொல்லுங்கள்: இரண்டும் நேர் ஏற்றமாக இருப்பது ஒரு தடையே இல்லை. எந்த அயன் (ஏற்றமுள்ள துகள்) எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது, எந்த வாசல் திறந்திருக்கிறது, இவை இரண்டும் தெரிந்தால் போதும்.

70 மில்லிவோல்ட் என்பது டோர்ச் பற்றரி ஒன்றின் இருபதில் ஒரு பங்குதான். ஆனால் அந்தச் சவ்வின் தடிப்பை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு மெல்லிய இடைவெளிக்குள் 70 மில்லிவோல்ட் என்றால், மீற்றர் கணக்கில் 1 கோடி வோல்ட்டுக்கும் மேல். காற்றில் பொறி பறக்க மீற்றருக்கு 30 இலட்சம் வோல்ட் போதும். அப்பாவின் காலில் உயிரோடு இருக்கிற ஒவ்வொரு நரம்பு நாரும், தன் நீளம் முழுவதும், இந்த இழுவிசையைத் தாங்கிக்கொண்டு தயாராக நிற்கிறது.

இனி ஒரு தொடுகை. கால் பெருவிரலில் ஒரு சிறு கல் உறுத்துகிறது என்று வையுங்கள். அங்கிருக்கிற நரம்பு நுனி கொஞ்சம் இழுபட்டு, சில வாசல்கள் திறந்து, உள்ளே −70 ஆக இருந்தது மெல்ல உயர்கிறது. −55 அளவைத் தொட்டதும் சோடிய வாசல்கள் திறக்கின்றன. மின்னழுத்தம் உயர்ந்தால்தான் இந்த வாசல்கள் திறக்கும். திறந்து சோடியம் உள்ளே வந்தால் அழுத்தம் இன்னும் உயரும். உயர்ந்தால் இன்னும் வாசல்கள் திறக்கும். ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் உள்பக்கம் +30, +40 வரை ஏறிவிடும். ஏறியதும் சோடிய வாசல்கள் தாமாகவே அடைபட்டுக்கொள்கின்றன. பிந்தித் திறக்கிற வேறு பொற்றாசிய வாசல்களால் பொற்றாசியம் வெளியேறி, பழையபடி −70 க்குக் கொண்டுவருகிறது. இந்த ஏற்ற இறக்கம் முழுவதும்தான் தாக்க அழுத்தம். அரைகுறையாக அது வராது. வந்தால் முழுதாக வரும், இல்லாவிட்டால் வரவே வராது. கல் பலமாகக் குத்தினாலும் ஒரு துடிப்பின் உயரம் அதேதான், துடிப்புகள் அடுக்கடுக்காக வரும், அவ்வளவே.

ஓரிடத்தில் புகுந்த சோடியம் பக்கத்து இடத்தின் அழுத்தத்தை −55 வரை தூக்கிவிடும், அங்கேயும் வாசல்கள் திறக்கும், பிறகு அதற்குப் பக்கத்தில். தீபாவளிக்குச் சீனவெடிக் கட்டு ஒன்றைத் தொங்கவிட்டு நுனியில் கொளுத்துவோமே, அதுபோல. முதல் வெடியின் நெருப்பு கடைசி வெடி வரை போவதில்லை. ஒவ்வொரு வெடியும் தன் மருந்தைத்தான் எரிக்கிறது, அடுத்ததைக் கொளுத்துகிறது. அதனால்தான் கடைசி வெடியின் சத்தம் முதல் வெடியின் சத்தத்துக்குக் குறைவதில்லை. வெடித்த வெடி உடனே மறுபடி வெடிக்காது என்பதால் நெருப்புத் திரும்பியும் வராது. நரம்பிலும் அடைபட்ட சோடிய வாசல் சற்று நேரம் திறக்காது, ஆகவே துடிப்பு வந்த வழியே திரும்பாது. வெடிக்கு இல்லாத ஒரு வல்லமை நரம்புக்கு உண்டு. சில மில்லிசெக்கனில் மறுபடி வெடிக்கத் தயாராகிவிடும்.

பெருவிரலில் உள்ளே புகுந்த சோடியம் மூளைக்குப் போவதில்லை என்பதைக் கவனியுங்கள். அது சவ்வைக் குறுக்கே கடந்து அங்கேயே நிற்கிறது. மூளைக்குப் போவது செய்தி மட்டும், இடத்துக்கு இடம் புதிதாகப் பிறந்து பிறந்து.

மகளுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அழுத்தத்தை −70 க்கு இறக்குவது சோடியம் பொற்றாசியம் பம்பிதான் என்று விடைத்தாளில் எழுதுகிற பிள்ளைகள் அதிகம். அது பிழை. இறக்குவது பொற்றாசிய வாசல்கள். ஒரு துடிப்பில் கடக்கிற அயன்களின் தொகை மிக மிகச் சொற்பம். பம்பியை நஞ்சூட்டி நிறுத்திவைத்த பெரிய நரம்பு நாரில்கூடத் துடிப்புகள் தொடர்ந்து ஓடியதை 1950களிலேயே கண்டிருக்கிறார்கள். பம்பி செய்வது நீண்டகால வேலை. 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொற்றாசியத்தை உள்ளே எடுத்து, அந்த 30 மடங்கு, 10 மடங்கு வித்தியாசத்தை இரவு பகலாகக் காத்து நிற்கிறது. அதற்குச் சக்தி வேண்டும். சாப்பாடும் ஒட்சிசனும் வேண்டும். இதைக் கண்டுபிடித்த டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூவுக்கு 1997 இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பம்பியை ஞாபகத்தில் வைத்திருங்கள், அப்பாவின் கால் விஷயம் இங்கேதான் வந்து சேரப்போகிறது.

இதெல்லாம் எப்படித் தெரியவந்தது என்றால், கணவாயிடமிருந்து. மார்க்கெட்டில் வாங்குகிறோமே, ஊசிக்கணவாய், அதன் உடற்சுவரை ஒரே நேரத்தில் சுருக்கி நீரைப் பீய்ச்சித் தப்பியோட உதவும் நரம்பு நார் ஒன்று உண்டு. சில இனங்களில் அது அரை மில்லிமீற்றரிலிருந்து ஒரு மில்லிமீற்றர் வரை தடிப்பு, வெறுங்கண்ணுக்கே தெரியும். 1939 இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் அலன் ஹொட்ஜ்கினும் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் அதற்குள் மெல்லிய மின்வாய் ஒன்றை நீளவாக்கில் நுழைத்து, துடிப்பு வரும்போது உள்பக்கம் நேர் ஏற்றமாக மாறுவதைப் பதிந்தார்கள். போர் குறுக்கிட்டது. மறுபடி தொடங்கி, 1952 இல் சோடிய, பொற்றாசிய வாசல்களின் கணக்கை முழுதாக எழுதினார்கள். அந்தக் கணக்கைக் கையால் சுற்றும் கணக்குப்பொறியில் ஹக்ஸ்லி போட்டுப் பார்த்தார். 1963 இல் நோபல் பரிசு. அந்தச் சமன்பாடுகள் இன்றும் நிற்கின்றன. கணவாய் கழுவும்போது மகளைக் கூப்பிட்டு இந்தக் கதையைச் சொல்லுங்கள், பாடம் மறக்காது.

கணவாய்க்கு அவ்வளவு தடித்த நரம்பு ஏன்? வேகத்துக்காக. அப்படியும் அதன் வேகம் செக்கனுக்கு 20, 25 மீற்றர்தான். எங்கள் காலில் அதைவிடப் பல மடங்கு மெல்லிய நார் 40, 50 மீற்றர் வேகத்தில் கடத்துகிறது. எப்படி? எங்கள் நாரைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை சுருள்சுருளாகச் சுற்றியிருக்கிறது. ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றருக்கு ஓரிடத்தில் மட்டும் சிறு இடைவெளி. சோடிய வாசல்கள் அந்த இடைவெளிகளில்தான் குவிந்திருக்கின்றன. துடிப்பு இடைவெளியிலிருந்து இடைவெளிக்குத் தாவுகிறது. கோட்டையிலிருந்து ஹோல்ட் ஹோல்டாக நின்று வருகிற ரயிலும், பெரிய ஸ்டேஷன்களில் மட்டும் நிற்கிற கடுகதியும் போல.

எல்லா நாரும் கடுகதி இல்லை. எரிவையும் மந்தமான நோவையும் சூட்டையும் கொண்டுபோகிற மெல்லிய நார்களுக்கு உறையே கிடையாது. அவற்றின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர், நாம் நடக்கிற வேகம். வாசற்படியில் கால்விரலை இடித்துக்கொண்ட நேரத்தை நினைத்துப் பாருங்கள். இடித்தவுடன் ‘சுரீர்’ என்று ஒரு நோ. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது, ஒரு செக்கன் கழித்து, ஊறி ஊறி வருகிற இன்னொரு நோ. முதலாவது உறையுள்ள நாரில் வந்தது. இரண்டாவது உறையில்லாத நாரில் நடந்து வந்தது.

இப்போது அப்பாவின் காலுக்கு வருகிறேன். பெருவிரல் நுனியின் தொடுகையைத் தூக்கிச் செல்லும் நரம்புக்கலத்தின் உடல் பெருவிரலில் இல்லை. கீழ் முதுகில், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒற்றை நார் ஒரு மீற்றர் இறங்கி விரல் நுனிக்கு வருகிறது. அந்தக் கல உடலை உரித்த தேங்காய் அளவுக்குப் பெருப்பித்து வெள்ளவத்தையில் வைத்தால், நார் பெருவிரல் தடிப்பில், காலி வீதி வழியே ஏறக்குறைய 2 கிலோமீற்றர், பம்பலப்பிட்டி வரைக்கும் போகும். வழி நெடுகத் துடிப்பைப் புதிதாகப் பிறப்பிக்க வேண்டும், பம்பிகள் ஓட வேண்டும், பழுதான வாசல்களை மாற்ற வேண்டும். அதற்கான பொருள்களில் பெரும்பகுதியைச் செய்வது வெள்ளவத்தைத் தேங்காய்தான். நாருக்குள் பொருள் போகிற மிக வேகமான வழியே ஒரு நாளைக்கு 400 மில்லிமீற்றர். விரல் நுனிக்கு வந்து சேர இரண்டரை நாள். மெதுவான வழியில் போகிற பொருள்களுக்கு மாதக்கணக்கு.

17 வருஷம் இரத்தத்தில் சீனி கூடியிருந்தால், நரம்புக்கு இரத்தம் கொடுக்கும் நுண்ணிய குழாய்கள் தடிக்கின்றன. கலத்துக்குள் சக்தி ஆக்கும் வேலையும் கெடுகிறது. உறையைப் பேணும் கலங்களும் சோர்கின்றன. வரும்படி குறைந்தால் வீதியின் கடைசி வீட்டுக்குத்தானே முதலில் தண்ணீர் வராது? ஆகவேதான் விறைப்பு விரல் நுனியில் தொடங்கி, மேஸ் போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. இரண்டு காலும் ஒரே மாதிரி விறைப்பதற்கும் அதுதான் காரணம். விறைப்பும் எரிவும் ஒன்றாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். செத்த நார் செய்தி அனுப்பாது, அது விறைப்பு. சாகாமல் தவிக்கிற நார் ஒரு தொடுகையும் இல்லாமலே தானாகத் துடிக்கும், அது எரிவு.

மெஷினை ஏன் வேண்டாம் என்றேன் என்று இப்போது விளங்கும். அந்த நாருக்குக் குறைவாக இருப்பது கரண்ட் இல்லை. சாப்பாடும் காற்றும் பராமரிப்பும்தான். வெளியிலிருந்து கொடுக்கிற கரண்ட் வாசலைத் திறக்கலாம், பம்பியை ஓட்டாது, குழாயைத் திறக்காது, உறையைச் சுற்றாது. சில கருவிகளால் நோ கொஞ்ச நேரம் அமர்வது உண்டு, அதையும் மருத்துவர் அல்லது உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். உணர்ச்சியில்லாத பாதத்தில் வீட்டில் வைத்து அழுத்தினால் சுட்டாலும் அப்பாவுக்குத் தெரியாது. அந்தக் காசுக்கு அவருக்கு அளவான, விரல் மூடிய, உள்ளே தையல் உறுத்தாத நல்ல சப்பாத்து வாங்குங்கள்.

பரிசோதனையில் நடப்பதை அப்பாவுக்கு அப்படியே சொல்லிக்கொடுங்கள். கட்டிலில் படுக்கவைப்பார்கள். சாரத்தை முழங்கால் வரை சுருட்டுவார்கள். பாதத்தின் மேற்பக்கத்துச் சிறு தசையில் இரண்டு ஒட்டுத்தகடுகள். கணுக்காலுக்கு முன்னால், இரண்டு மொட்டை முனையுள்ள ஒரு கைக்கருவியை வைத்து அழுத்துவார்கள். ‘டக்’ என்று ஒரு தட்டு, விரல்கள் தாமாகவே எழும்பி இறங்கும். ஒரு தட்டு நீடிப்பது ஒரு செக்கனின் 5,000 இல் ஒரு பங்கு. பிறகு முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒரு தட்டு. பேனாவால் அடையாளம் வைத்து, தையற்காரரைப் போல அளவுநாடாவால் இடைத்தூரத்தை அளப்பார்கள்.

அந்தத் தட்டு நரம்புக்குள் கரண்டை ஊற்றுவதில்லை. −70 இல் நிற்கிற நாரை −55 வரை நகர்த்திவிடுகிறது, அவ்வளவே அதன் வேலை. அதன் பிறகு ஓடுவது அப்பாவின் சொந்தச் சோடியமும் பொற்றாசியமும், அவர் நடக்கும்போது ஓடுகிற அதே துடிப்பு. கதவைத் தட்டினால் வீடு எரிவதில்லையே.

கணக்கு எளிது. கணுக்காலில் தட்டியபோது தசை அசைய 4.5 மில்லிசெக்கன் எடுத்தது, முழங்காலில் தட்டியபோது 13 எடுத்தது என்று வையுங்கள். வித்தியாசம் 8.5. இடைத்தூரம் 34 சென்ரிமீற்றர். பிரித்தால் செக்கனுக்கு 40 மீற்றர். காலில் ஏறக்குறைய 40 க்கு மேல் இருந்தால் நல்லது, கையில் 50 க்கு மேல். அதே தூரத்துக்கு 10 மில்லிசெக்கன் எடுத்திருந்தால் வேகம் 34, அது குறைவு. உயிருள்ள நரம்பின் வேகத்தை முதன்முதலில் அளந்தவர் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1850 இல், தவளையின் காலில், இதே கழித்தல் கணக்கால்தான்.

அறிக்கை கைக்கு வந்ததும் இரண்டு எண்களைப் பாருங்கள். வேகம் பெரும்பாலும் உறையின் நிலையைச் சொல்லும். ஒட்டுத்தகடுகளில் பதிகிற அலையின் உயரம் எத்தனை நார் உயிரோடு இருக்கிறது என்பதைச் சொல்லும். வேகம் ஓரளவு இருந்தும் உயரம் மிகக் குறைந்திருந்தால் நார்கள் குறைந்துவிட்டன என்று அர்த்தம். வேகம் மட்டும் மிக அதிகமாகக் குறைந்திருந்தால், அல்லது ஒரு கால் ஒரு மாதிரியும் மறுகால் வேறு மாதிரியும் இருந்தால், சீனி தவிர வேறு காரணத்தைத் தேட வேண்டிவரும். குணப்படுத்தக்கூடிய சில வருத்தங்கள் அப்படித்தான் பிடிபடுகின்றன. பரிசோதனைக்குப் போகச் சொல்வதற்கு இதுவே முக்கியமான காரணம்.

முடிவு ‘நோர்மல்’ என்று வந்தாலும் அப்பாவின் எரிவைப் பொய் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். இந்தப் பரிசோதனைக்குத் தெரிவது தடித்த, உறையுள்ள நார்கள் மட்டுமே. நடந்து வருகிற மெல்லிய நார்கள் இதில் தெரியமாட்டா. எரிவு அவற்றின் வேலை. வீட்டார் “டெஸ்ட் எல்லாம் நல்லாத்தானே வந்திருக்கு” என்று சொல்லச் சொல்ல, வாயை மூடிக்கொண்டு இரவு இரவாக விழித்திருந்த முதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குச் செய்ய வேண்டியவை சில. குளித்துவிட்டுப் போகட்டும், காலில் நல்லெண்ணெயோ கிறீமோ பூச வேண்டாம். வழக்கமான சாப்பாடு, வழக்கமான மருந்து, இன்சுலின் எல்லாம் அப்படியே. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலோ முதலிலேயே சொல்லுங்கள். சிலருக்கு மெல்லிய ஊசியால் தசையையும் பார்ப்பார்கள், அதற்கு இது தெரிய வேண்டும். மேஸ் போட்டுக்கொண்டு போங்கள், இது முக்கியம். கால் ஒரு பாகை செல்சியஸ் குளிர்ந்தால் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 2 மீற்றர் குறையும். கொழும்பில் ஏ.சி. அறையில் ஒரு மணித்தியாலம் காத்திருந்த பாதத்துக்கு இல்லாத வருத்தம் இருப்பதாக அறிக்கை வரக்கூடும். பாதம் குளிர்ந்திருந்தால் சூடாக்கிவிட்டுச் செய்யும்படி கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்று. இதை எழுதத்தான் வேண்டும். அப்பாவின் வயதையொத்த எங்கள் ஆண்கள் சிலருக்குக் கரண்ட் என்ற சொல் வேறொரு காலத்தையும் வேறொரு அறையையும் நினைவூட்டும். பிள்ளைகளுக்குக்கூட அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு அப்படி ஏதும் உண்டா என்று எனக்குத் தெரியாது. அவர் மறுப்பது வெறும் பிடிவாதம் என்று முடிவுகட்டாமல், தனியாக இருந்து மெல்லக் கேட்டுப் பாருங்கள். உண்டு என்றால் அந்த மருத்துவருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். முதல் தட்டை உங்கள் கையில் செய்து காட்டச் சொல்லலாம். அவர் “போதும்” என்றால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும் என்று பேசிக்கொள்ளலாம். அப்படியும் முடியாது என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் நைலோன் நூலாலும் இசைக்கவராலும் பாதத்தைத் தொட்டுப் பார்த்தே நல்ல மருத்துவர் நிறையச் சொல்லிவிடுவார்.

மகள் அடுத்து எப்படியும் கேட்பாள், நார் முடிகிற இடத்தில் என்ன நடக்கும் என்று. அங்கே மின்சாரம் நின்றுவிடும். நுனிக்குள் கல்சியம் புகும், சிறு பைகளிலிருந்து இரசாயனம் கொட்டும், அது அடுத்த கலத்தின் வாசலைத் திறக்கும். 1921 இல் ஒட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து இதைக் காட்டினார். கட்டுவிரியன் தீண்டியவருக்கு இமை தொங்கி, பிறகு மூச்சுத் தசை ஓய்வது இந்தச் சந்தியில்தான். அந்தப் பாம்பின் நஞ்சு நார் நுனியையே பழுதாக்கிவிடுகிறது. பேத்தை மீனின் நஞ்சும், பல் பிடுங்க முன் போடுகிற விறைப்பு ஊசியும் வேறிடம், அவை சோடிய வாசலை அடைக்கின்றன. பல் ஊசியில் கன்னம் மரத்துப்போவதை மகள் அனுபவித்திருந்தால், வாசல் மூடிய நரம்பு எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியும்.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை: அப்பா மெற்போமின் குளிசையை வருஷக்கணக்காக எடுக்கிறார் என்றால் விற்றமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் குளிசை பி12 ஐக் குறைக்கும், பி12 குறைந்தாலும் இதே விறைப்பு வரும், அதைத் திருத்தலாம். ஆனால் ‘நரம்புச் சத்து’ என்று பாமசியில் தாமாக வாங்கிக் கூட்டிக்கூட்டிப் போட வேண்டாம். பி6 அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் செவ்விளநீரை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அதில் பொற்றாசியம் அதிகம். மேலே சொன்ன உள்–வெளி வித்தியாசம் குலைந்தால் முதலில் தடுமாறுவது இதயம். எரிவுக்குப் பரசிற்றமோல் பெரிதாக உதவாது, அதற்கென்று வேறு மருந்துகள் உண்டு, கேட்டு வாங்குங்கள். சிலவற்றால் தலைசுற்றும், ஆகவே இரவில் எழும்பும்போது வெளிச்சம் இருக்கட்டும். நிறையக் குறைந்துவிட்ட நார்களை முழுதாக மீட்டுத்தர இன்று மருந்து இல்லை. சீனியைக் கட்டுக்குள் வைத்தால், புகையும் குடியும் இருந்தால் விட்டால், மீதியைக் காக்கலாம்.

பாதத்தை ஒவ்வொரு இரவும் நீங்களோ மகளோ பாருங்கள், விரலிடுக்குகளையும் சேர்த்து. ஒருவர் என்னிடம் பரிசோதனைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு திருகாணி விழுந்தது. காலையிலிருந்து அதன் மேல் நடந்திருக்கிறார். மேஸின் அடிப்பக்கம் இரத்தத்தில் ஒட்டிக் காய்ந்திருந்தது, அவர் முகத்தில் நோவின் சாயலே இல்லை. ஆகவே சப்பாத்தைப் போட முன் கவிழ்த்துத் தட்ட வேண்டும். வெந்நீரில் கால் வைக்க முன் உங்கள் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். மதிய வெயிலில் கோயில் வீதியில் வெறுங்காலோடு நடக்க விட வேண்டாம், காலையிலேயே கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.

அறிக்கை வந்ததும் வேகம், உயரம் இரண்டையும், அன்று பாதம் குளிர்ந்திருந்ததா என்பதையும் எழுதி அனுப்புங்கள்.